ஹனியா பழைய நகரத்தில் சைவ உணவுக்காரரோடு சாப்பிட எங்கே போவது?

1. நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதக் கடைசியில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள ஹனியாவில் நான்கு நாட்கள் தங்கப் போகிறோம். நானும் கணவரும் ஒன்பது வயது மகனும் என் அம்மாவுமாக நான்கு பேர். அறை பழைய நகரத்துக்குள்ளேயே, வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது. பிறந்ததிலிருந்து சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை, பால், தயிர், பாலாடைக்கட்டி சாப்பிடுவார்.

சென்ற ஆண்டு வேறொரு மத்தியதரைக் கடல் நகரத்துக்கு அழைத்துச் சென்றபோது ஐந்து நாளும் உருளைக்கிழங்கு வறுவலையும் ரொட்டியையும் வைத்தே ஓட்டினார். “எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்” என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. இம்முறை அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டிக் கேட்கிறேன். ஆடம்பரமான உணவகம் வேண்டாம். மர மேசையும் காகித விரிப்புமாக, ஊர்க்காரர்களும் வந்து போகும் இடமாக இருந்தால் போதும். கடைப் பெயரைவிட, நல்ல கடையை எப்படி அடையாளம் காண்பது, அம்மாவுக்கு என்ன கேட்பது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

2. ஆலிவ்தோப்பு

வணக்கம், நெய்தல். வேலை நிமித்தமாக ஹனியாவில் மூன்றாண்டு குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கவலையை விடுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஐரோப்பாவில் கிரீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

காரணம் அவர்களுடைய நோன்பு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் பொதுவாக இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள் எதையும் தொடக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு, ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாற்பது நாள், இவை போக வாரந்தோறும் புதனும் வெள்ளியும் என்று கூட்டினால் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நோன்பிலேயே போய்விடும். இன்று எல்லோரும் அதை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் அந்த நாட்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துப் பழகிய பருப்பு, கீரை, காய்கறிச் சமையல் அப்படியே இருக்கிறது. அதை “நிஸ்தீசிமோ” என்பார்கள். இந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவரிடம் இதைச் சொன்னாலே அவர் முகம் மலரும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. இரத்தம் இல்லாத உயிர் என்ற கணக்கில் கணவாய், எண்காலி, இறால் ஆகியவற்றை நோன்பில் அனுமதிக்கிறார்கள். ஆகவே “நிஸ்தீசிமோ” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் தட்டில் எண்காலி வந்துவிடக்கூடும். “இறைச்சி இல்லை, மீன் இல்லை, கடலில் இருந்து எதுவும் இல்லை” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த சொல் “லதெரா”. லாதி என்றால் எண்ணெய். ஆலிவ் எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக வேகவைத்த பீன்ஸ், வெண்டைக்காய், பட்டாணி, கத்திரிக்காய் எல்லாம் இந்த வகையில் சேரும். ஆம், வெண்டைக்காயும் உண்டு. அங்கே அதற்குப் பாமியெஸ் என்று பெயர். லதெரா வெதுவெதுப்பாகவோ ஆறியோதான் மேசைக்கு வரும். பழையதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் பலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பக்குவமே அதுதான். சூடாக இருக்கும்போது எண்ணெய் தனியாகவும் காய் தனியாகவும் நிற்கும். ஆறிய பிறகுதான் இரண்டும் ஒன்றாகும்.

கடையை அடையாளம் காண்பதற்கு நான் பின்பற்றிய வழி ஒன்றுதான். காலையிலேயே சமைத்து, பெரிய தட்டங்களில் வைத்துவிடும் உணவை “மாயிரெஃப்தா” என்பார்கள். அந்தத் தட்டங்கள் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற கடைக்குள் போங்கள். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்; விரலால் சுட்டிக் காட்டியே சாப்பாட்டைக் கேட்டு வாங்கிவிடலாம். மொழி தெரியாத உங்கள் அம்மாவுக்கு இதைவிட வசதி வேறில்லை. பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை இதற்கு ஏற்ற நேரம். இரவு ஒன்பது மணிக்குப் போனால் மதியம் மிஞ்சியதுதான் இருக்கும். ஊர்க்காரர்கள் இரவில் பெரும்பாலும் சிறு தட்டுகளாக வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள்.

3. கப்பல்காரன்

ஹனியாவுக்கு அருகிலுள்ள சூதா துறைமுகத்தில் எங்கள் கப்பல் பலமுறை நின்றிருக்கிறது. நான் அசைவம், ஆகவே சைவம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு கசப்பான அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும்.

துறைமுகத்தின் வளைவில், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும் கடைகளுள் ஒன்றில் நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்தோம். வாசலில் நின்றவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். மீனைக் காட்டினார், தலையசைத்தோம். மெனுவில் இருந்தது கிலோவுக்கான விலை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் கண்ணெதிரே எடை போடவுமில்லை. கணக்குச் சீட்டு வந்தபோது மூவருக்கும் பேச்சே வரவில்லை. சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லை, கப்பலுக்கும் நேரமாகிவிட்டது. தவறு பாதி எங்களுடையது. மீனைத் தேர்ந்தெடுத்தவுடன் தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்புக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். நல்ல கடைக்காரர்கள் கேட்காமலே அப்படிச் செய்வார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். நட்சத்திரக் குறியிட்டவை உறைய வைத்த பொருட்கள். பொரிப்பதற்கு எந்த எண்ணெய், சாலட்டுக்கு எந்த எண்ணெய் என்பதையும் அங்கேயே போட்டிருப்பார்கள். துறைமுக வரிசையில் சாப்பிடவே வேண்டாம் என்பது என் கருத்து.

4. பழநகர்

கப்பல்காரன் ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் துறைமுகத்தில் சாப்பிடவே வேண்டாம் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு உணவைப் போலவே உட்காரும் இடமும் முக்கியம்.

1252-இல் வெனிஸ்காரர்கள் இந்த நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1645-இல் இரண்டு மாத முற்றுகைக்குப் பின் ஓட்டோமான் துருக்கியர்கள் பிடித்தார்கள். துறைமுக ஓரத்தில் குமிழ் குமிழாகக் கூரை வைத்த மசூதி அதற்குப் பிறகு வந்தது. எதிர்முனையில் இருக்கும் ஃபிர்காஸ் கோட்டையில்தான் 1913 டிசம்பர் 1 அன்று, கிரீட் கிரேக்கத்தோடு இணைந்ததற்கு அடையாளமாகக் கொடி ஏற்றப்பட்டது. மாலை வெயில் சாயும் வேளையில் துறைமுகத்தையும் மசூதியையும் கோட்டையையும் ஒரே பார்வையில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பதற்கு விலை கொடுப்பது ஏமாறுவது ஆகாது. எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். காபியோ எலுமிச்சைச் சாறோ அங்கே குடியுங்கள். சாப்பாட்டுக்கு உள்ளே நடங்கள்.

உள்ளே என்று நான் சொல்வது ஸ்பிளான்ட்சியா பகுதி. ஓட்டோமான் காலத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. அங்குள்ள புனித நிக்கோலாஸ் தேவாலயத்தைப் பாருங்கள். வெனிஸ்காரர் காலத்தில் தொமினிக்கன் துறவியருக்காகக் கட்டப்பட்டு, 1645-க்குப் பின் மசூதியாகி, 1918-இல் மீண்டும் தேவாலயமானது. ஒரு பக்கம் மணிக்கூண்டும் மறுபக்கம் மினாரும் இன்றும் நிற்கின்றன. அதன் முன்னால் பெரிய பிளேன் மரம் ஒன்று நிழல் விரித்திருக்கிறது. 1821-இல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது கிசாமோஸ் ஆயர் மெல்கிசெதெக்கை அந்த மரத்தில்தான் தூக்கிலிட்டார்கள். சதுக்கத்தின் பெயரே 1821 சதுக்கம். இப்போது அந்த நிழலில் மேசை போட்டுப் பரிமாறுகிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். உங்கள் மகனுக்கும் அங்கே ஓட இடமிருக்கும்.

இன்னொன்று. 1941 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் பழைய நகரத்தின் பல கட்டடங்கள் கூரையிழந்தன. அவற்றுள் சில, கூரையில்லாமலேயே இன்று உணவகங்களாக நடக்கின்றன. நான்கு பக்கமும் வெனிஸ் காலக் கற்சுவர், மேலே வானம், சன்னல் இருந்த இடத்தில் கொடி படர்ந்திருக்கும். அம்மாவை அழைத்துச் செல்லும்போது தரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்துகள் கல் பாவியவை, மழை பெய்தால் வழுக்கும், பல கடைகளில் கழிப்பறைக்குக் குறுகலான படி ஏற வேண்டும்.

5. ஆலிவ்தோப்பு

பழநகர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். துறைமுகத்தை மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வாசலில் நின்று அழைப்பவர்கள், பத்து மொழியில் அச்சிட்ட படம்போட்ட மெனு, பாஸ்தாவும் பீட்சாவும் முசாக்காவும் ஒரே பக்கத்தில் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் விலகிப் போய்விடுங்கள்.

“மத்தியதரைக் கடல் உணவு” என்று உலகெங்கும் பேசப்படுவதற்கு இந்தத் தீவே முக்கியக் காரணம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1948-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கிரீட் மக்களின் வாழ்க்கையை ஆராய வந்தபோது, அவர்கள் தானியம், பயறு, காட்டுக்கீரை, பழம், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றையே பெரும்பாலும் சாப்பிட்டு வாழ்வதைப் பதிவு செய்தது. பிறகு அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் ஆண்களிடையே இதய நோய் மரணம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. 2010-இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1948-இல் அந்த மக்களைக் கேட்டபோது, இறைச்சி போதவில்லை என்பதே அவர்களுடைய பெரிய குறையாக இருந்தது. போரிலும் ஆக்கிரமிப்பிலும் நொந்துபோன ஊரின் வறுமைச் சாப்பாட்டைத்தான் நாம் இன்று ஆரோக்கியச் சாப்பாடு என்று தேடிப் போகிறோம். அந்தத் தட்டங்களில் இருக்கும் பீன்ஸைச் சாப்பிடும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

சரி, அம்மாவுக்கு என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயமும் எண்ணெயும் விட்டது. நம் பருப்புக் கடையலேதான், தாளிப்பு மட்டும் இல்லை. யிகாந்தெஸ் என்பது பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயற்றைத் தக்காளியோடு அடுப்பில் வாட்டியது. ஹோர்தா என்றால் வேகவைத்த கீரை. எலுமிச்சையும் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். கீரைகளில் ஸ்டம்னகாதி இருக்கிறதா என்று கேளுங்கள். லேசாகக் கசக்கும், பாறை இடுக்கில் முளைக்கும் முட்செடி. ஸ்டம்னா என்றால் குடம், அகாதி என்றால் முள். பூச்சி விழாமல் தண்ணீர்க் குடத்தின் வாயில் இந்த முட்செடியை வைத்து மூடியதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஹனியாவுக்கே உரியது பூரெகி: சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு, மிசித்ரா என்ற புதுப் பாலாடைக்கட்டி, நிறையப் புதினா ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்துச் சுடுவது. இதை விட்டுவிடாதீர்கள்.

6. துளசிமாடம்

நானும் முழுச் சைவம் என்பதால், மற்றவர்கள் கவனிக்காமல் விடக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கமோபிலாஃபோ என்று மெனுவில் இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். பார்ப்பதற்கு வெறும் வெள்ளைச் சோறு போலவே இருக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்காக ஆட்டிறைச்சி அல்லது சேவல் வேகவைத்த சாற்றிலேயே அரிசியை வடிக்காமல் வேகவைத்து, ஸ்டாகா என்ற வெண்ணெயை விட்டுக் கிளறுவது அது. நான் முதல் நாளே அதைத்தான் ஆசையாகக் கேட்டேன்; பரிமாறிய பெண்மணி நான் சைவம் என்பதை நினைவில் வைத்துத் தடுத்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

திராட்சை இலைச் சுருளில் இரண்டு வகை உண்டு. “யாலான்ஜி” என்று சொல்வது அரிசியும் மூலிகையும் மட்டும் வைத்தது. துருக்கிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொய்யன் என்று பொருள், உள்ளே இறைச்சி இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுவதால். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி வைத்த யெமிஸ்தாவிலும் அப்படியே: இறைச்சி சேர்க்காததை “ஓர்ஃபனா”, அதாவது அனாதை, என்பார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

முட்டை விஷயத்தில் கவனம் தேவை. பூரெகிக்கு மேல்மாவு போட்டிருந்தால் அதன்மேல் முட்டை தடவியிருக்கலாம். மேல்மாவு இல்லாத பூரெகியும் உண்டு. பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். உங்கள் அம்மா அதையும் விலக்குபவராக இருந்தால் லதெராவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

7. நெய்தல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பாலாடைக்கட்டி பற்றி யோசித்துவிட்டு, “இத்தனை நாள் சாப்பிட்டாயிற்று, இனி கேட்டு என்ன ஆகப் போகிறது” என்று சொல்லிவிட்டார். இரண்டு கேள்விகள் மட்டும்: கேட்காமலே மேசையில் ரொட்டி வைத்தால் காசு உண்டா? முடிவில் அவர்களாகவே கொண்டுவந்து வைக்கும் சாராயத்தை மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

8. கப்பல்காரன்

ரொட்டிக்கு “கூவேர்” என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் வைத்தவுடனே சொல்லிவிடலாம். ஆனால் லதெராவின் எண்ணெயைத் தொட்டுக்கொள்ள ரொட்டி இல்லாமல் முடியாது, அதனால் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவில் வருவது சிகூதியா. திராட்சையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து வடிப்பது. பலர் ராகி என்றும் சொல்வார்கள். பழத்துண்டோடோ சிறு இனிப்போடோ சேர்த்து வைப்பார்கள், அதற்குக் காசில்லை. நெஞ்சில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றால் யாரும் தவறாக நினைப்பதில்லை. பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படியான கணக்குச் சீட்டு தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற அறிவிப்பு மெனுவிலேயே அச்சாகியிருக்கும். ஆகவே சீட்டைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

9. நெய்தல்

திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. நீங்கள் அத்தனை பேரும் அக்கறையோடு எழுதியதற்கு நடந்ததைச் சொல்வதுதான் முறை.

முதல் நாள் மதியம் ஸ்பிளான்ட்சியாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஐந்தாறு மேசை மட்டுமே போட்டிருந்த கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தட்டங்களைக் கண்டோம். உள்ளே ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தார். என் அம்மா எதையும் கேட்காமல் நேராக அவரிடம் போய், வெண்டைக்காய்த் தட்டத்தைக் காட்டிச் சிரித்தார். அந்த அம்மாள் ஒரு கரண்டியில் சிறிதளவு எடுத்துச் சிறு தட்டில் வைத்து நீட்டினார். முழு வெண்டைக்காய், சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். காம்பைக் கூம்பாகச் சீவியிருந்ததால் எங்கும் வெடித்துக் கொழகொழவென்று ஆகவில்லை. தக்காளி சுண்டிப் பொன்னிறமான எண்ணெய் ஓரத்தில் நின்றது. அம்மா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, “புளிப்பு சரியாக இருக்கிறது, காரம்தான் இல்லை” என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாள் கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். இருவரும் பேசிக்கொண்டதை நான் குறுக்கிட்டு மொழிபெயர்க்க முயலவில்லை. அன்று அம்மா வெண்டைக்காய், ஃபாவா, ஹோர்தா மூன்றும் சாப்பிட்டு, ரொட்டியால் தட்டைத் துடைத்தார்.

குறையும் ஒன்று உண்டு. டாகோஸை நாங்கள் ஆசையாக வாங்கினோம். இருமுறை சுட்ட பார்லி ரொட்டியின்மேல் துருவிய தக்காளியும் புளித்த மிசித்ராவும் போட்டு எண்ணெய் விட்டிருந்தார்கள். மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அம்மாவின் பல்லுக்கு ரொட்டியின் நடுப்பகுதி கல்லாக இருந்தது. தக்காளிச் சாறு இறங்கட்டும் என்று கால்மணி நேரம் விட்டுவைத்த பிறகு ஓரங்களை மட்டும் சாப்பிட்டார். பல் பலமில்லாதவர்களோடு போகிறவர்கள், ரொட்டியைக் கூடுதலாக நனைத்துத் தரும்படி முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மாலை பழநகர் சொன்னபடி துறைமுகத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தோம். விலை அதிகம்தான், அம்மா கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு நாளும் மதியம் அதே சந்துக் கடைக்கே போனோம். கடைசி நாள் அந்த அம்மாள் கணக்குச் சீட்டோடு சிகூதியாவுக்குப் பதிலாக அம்மாவுக்கு மட்டும் தேன் ஊற்றிய தயிர் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அம்மா இப்போது வீட்டில் பூரெகி செய்து பார்க்க வேண்டும் என்கிறார். மிசித்ரா கிடைக்காத ஊரில் அதற்குப் பதிலாக எதைப் போடலாம்?

10. ஆலிவ்தோப்பு

படிக்கவே நிறைவாக இருந்தது. ரிக்கோட்டா முக்கால் பங்கும் ஃபெட்டா கால் பங்கும் சேர்த்துப் பிசைந்தால் சுவை ஓரளவு நெருங்கி வரும். ஃபெட்டாவில் உப்பு இருப்பதால் காய்க்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள். காயையும் கிழங்கையும் மெல்லிய வட்டமாக நறுக்கி, கொஞ்சம் மாவு தூவிப் பிசறிக்கொண்டால் விடுகிற தண்ணீரை மாவு பிடித்துக்கொள்ளும். புதினாவில் மட்டும் கை சுருங்க வேண்டாம். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் வெட்டினால் குலைந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.